தலைக்கு எவ்வளவு?

(தில்லி ஆர்.கே.புரத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆர்.கே.புரத்தில் பேசுவதென்றால் பேச்சாளனுக்குக் கொஞ்சம் பயம் இருக்க வேண்டும். இது சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஊர். செக்டார் செக்டாராகக் குடியிருந்து, கோப்பு பார்த்து, ஆடிட் பார்த்து, குறிப்பெழுதி ஓய்வு பெற்றவர்கள் இந்த அரங்கில் நிறைந்திருக்கிறீர்கள். ஒருவர் நீட்டிய காகிதத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் நீங்கள் இல்லை. "இதற்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்டுப் பழகியவர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளும் அதே கேள்விதான்.

வெளிநாட்டிலிருந்து வேலையைக் கொண்டுவருகிறவர்களுக்கு அரசு பரிசு கொடுக்கிறது. சில நாடுகளில் தனி ஆளுக்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள். பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது: ஊக்கத்தொகை, மானியம், சலுகைத் தொகுப்பு, வரியைத் திருப்பித் தருதல். கொடுக்கிற அரசு கை தட்டச் சொல்கிறது. மக்களோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள்? பொறாமையா? அறியாமையா? "நல்லது நடந்தாலும் குறை சொல்லும் கூட்டம்" என்று அமைச்சர்கள் சலித்துக்கொள்கிறார்களே, அதுவா? இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நண்பர்களே, வேலைக்குத் தலைக் கணக்கில் பணம் கொடுக்கிற ஏற்பாடு தமிழனுக்குப் புதிதா? நம் கொள்ளுப்பாட்டன் காலத்திலேயே பார்த்துவிட்டோம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ஆர்க்காடு பக்கத்துக் கிராமங்களுக்குக் கங்காணி வருவார். நல்ல வேட்டி, மேலே கோட்டு, பேச்சில் தேன். இலங்கையில் தேயிலை, மலாயாவில் ரப்பர். ஆளைத் திரட்டிக் கப்பலேற்றினால் கங்காணிக்குக் காசு. இலங்கைத் தோட்டத்தில் அது அதோடு முடியவில்லை. அவர் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்கு இத்தனை சதம் என்று தினமும் அவருக்குத் தனியாகச் சேர்ந்தது. தலைக்காசு என்றார்கள். மலாயாவில் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்றே ஒன்றை அரசு சட்டம் போட்டு அமைத்தது. தோட்ட முதலாளிகளிடம் வசூல் செய்து, அதிலிருந்து கப்பல் செலவும் கங்காணிக்கு ஆள்சேர்ப்புப் படியும் கொடுத்தார்கள். அரசே முன்னின்று, தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்த ஏற்பாடு அது.

தலையை எண்ணிக் காசு கொடுத்தால் என்ன நடக்கும்? தலைகள் கூடும். அந்தத் தலைக்குரிய மனிதன் என்ன ஆனான் என்று யாரும் எண்ண மாட்டார்கள். தொழிலாளியின் கடனை ஒரு சீட்டில் எழுதி, அந்தத் 'துண்டு' தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. கடன் அடையும் வரை ஆள் நகர முடியாது. இலங்கையில் துண்டு முறைக்குத் தடை வந்தது 1921-இல். மலாயாவுக்குக் கூலி ஆட்களை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது 1938-இல்.

நம் சந்தேகத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. இன்றும் பக்கத்தில் பீகாஜி காமா பிளேஸ் பாஸ்போர்ட் அலுவலக வாசலில் நிற்கிற பையனைக் கேளுங்கள். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவன், ஏஜென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு நிமிடம் யோசிப்பான். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது: 30,000 ரூபாய், மேலே வரி. அதற்கு மேல் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஊருக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்தே எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம் போய், "வேலையைக் கொண்டுவருபவருக்கு அரசுப் பணம்" என்று சொன்னால், முதலில் என்ன கேட்பார்கள்? "இதில் யாருக்குக் கமிஷன்?" என்றுதானே கேட்பார்கள்!

இனி அயர்லாந்துக்குப் போவோம். வேலையைக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்ற எண்ணத்தை மிக நேரடியாகச் செய்து பார்த்த நாடு அது. வங்கிகள் சரிந்து, 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் ஐ.எம்.எஃப்.பிடமும் கடன் வாங்கிய நாடு. 2012 தொடக்கத்தில் அங்கே நூற்றில் 15 பேர் அளவுக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் டெர்ரி க்ளூன் என்ற தொழிலதிபர் ஒரு யோசனை சொன்னார். உலகமெங்கும் ஐரிஷ்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த கம்பெனிகள் இருக்கும். அவற்றில் ஒன்று வெளிநாட்டில் கிளை திறக்க நினைக்கலாம். அந்தத் தகவலைச் சொல்கிறவருக்குப் பரிசு கொடுத்தால் என்ன? 2012 மார்ச்சில் பிரதமர் எண்டா கென்னி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். உங்கள் அறிமுகத்தால் ஒரு கம்பெனி அயர்லாந்துக்கு வந்து வேலை கொடுத்தால், ஒரு வேலைக்கு 1,500 யூரோ. நூறு வேலை வரை. அதாவது அதிகபட்சம் 1,50,000 யூரோ. அன்றைய நம் பணத்தில் ஒரு வேலைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம், உச்சத்தில் ஒரு கோடி! ஐந்தாண்டில் 5,000 வேலை என்பது இலக்கு. நடத்தியது கனெக்ட் அயர்லாந்து என்ற க்ளூனின் நிறுவனம். பின்னால் நின்றது ஐ.டி.ஏ. என்ற அரசு அமைப்பு.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! மாமன் மச்சான் பழக்கத்தை நாட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஐ.டி.ஏ. 1949-இலேயே தொடங்கிய அமைப்பு. அதன் வேலையே வெளிநாட்டு முதலீட்டை அழைத்து வருவதுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய ஓர் அலுவலகம் இருக்கும்போது, அதே வேலைக்கு வெளியே ஒருவருக்கு எதற்குப் பரிசு? அந்தக் கம்பெனி எப்படியும் வந்திருக்கும் என்றால்? ஐ.டி.ஏ. ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் கணக்கில் வராது என்று விதி வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் யார் முதலில் பேசியது என்பதை யார் முடிவு செய்வது? பணம் கொடுக்க வேண்டிய அலுவலகமே முடிவு செய்தால் கொண்டுவந்தவருக்குச் சந்தேகம். கொண்டுவந்தவரே சொன்னால் மக்களுக்குச் சந்தேகம். கடைசியில் ஐ.டி.ஏ.வும் அந்த நிறுவனமும் ஒன்றோடொன்று தகராறு செய்து, அந்தத் தகராறிலேயே திட்டம் முடிந்தது. மக்கள் சந்தேகப்பட்டது தப்பா?

ஆனால் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்து திட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. வேலை வந்தபிறகுதான் பணம். வருகிறேன் என்று சொன்னதற்குப் பணம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதையொட்டித்தான்.

இப்போது நம் ஊர். ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா.

2005-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம். 200 ஏக்கருக்கு மேல் சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை, வரியைத் திருப்பித் தருதல். 2006-இல் உற்பத்தி. கிராமத்துப் பெண் பிள்ளைகள் நீலச் சீருடை போட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறி, சொந்தச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்த காலம் அது. யாரும் அதைக் கேலி செய்ய வேண்டாம். அந்த வேலை நிஜம். அந்தச் சம்பளம் நிஜம். உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? 2013-இல் வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல் வரி கேட்டது. ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது, 2014 ஏப்ரலில், இந்த ஆலையை வெளியே விட்டுவிட்டது. தமிழக அரசும் தன் பங்குக்கு 2,400 கோடி விற்பனை வரி கேட்டது. ஒரு கை கொடுத்தது, இன்னொரு கை கேட்டது. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே வந்தார்கள். விருப்ப ஓய்வு! இருபத்தைந்து வயதில்! 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. அந்த ஆலையை நம்பி இயங்கிய பக்கத்து ஃபாக்ஸ்கான் பிரிவும் அந்த ஆண்டு முடிவதற்குள் கதவடைத்தது.

வரி கேட்டது சரியா தப்பா என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். என் கேள்வி வேறு. வேலைக்காகத்தான் நிலம் கொடுத்தோம், வரியைத் திருப்பிக் கொடுத்தோம். வேலை போனபோது கொடுத்ததில் எவ்வளவு திரும்ப வந்தது? அந்தக் கணக்கு மக்கள் முன் வைக்கப்பட்டதா? அந்த ஆலைக் கட்டடத்தை வாங்குவதாக 2019-இல் சால்காம்ப் என்ற கம்பெனி அறிவித்தது, இப்போது அங்கே மறுபடியும் வேலை நடக்கிறது என்பதும் உண்மை. ஆனால் 2014-இல் வெளியே வந்த பெண் அதற்குள் வேறெங்கோ போய்விட்டாள்.

மறைமலை நகர் ஃபோர்டு கதையும் உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பிற மாநிலங்களோடு போட்டி போட்டு அழைத்து வந்தோம். 2021 செப்டம்பரில் போகிறேன் என்றது, 2022-இல் கடைசிக் கார் வெளியே வந்தது. இப்போது என்ஜின் செய்யத் திரும்பி வருவதாகப் புதிய ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வரட்டும். வரவேற்போம். ஆனால் இரண்டாம் முறை வரும் மாப்பிள்ளையிடம் கொஞ்சம் கூடுதலாகவே விசாரிப்பது நம் வழக்கம்!

சரி, ஒப்பந்தங்களுக்கு வருவோம். இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம், ஆட்சேபணை இல்லை. 2015 முதலீட்டாளர் மாநாடு: 98 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 2.42 லட்சம் கோடி. 2019 மாநாடு: 304 ஒப்பந்தங்கள், 3 லட்சம் கோடி. 2024 ஜனவரி மாநாடு: 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி. இந்த மூன்றாவது மாநாட்டில் சொன்ன வேலைக் கணக்கைப் பாருங்கள். நேரடியாக 14,54,712 பேர். மறைமுகமாக 12,35,945 பேர். மொத்தம் 26,90,657. தலைக்கணக்கு கச்சிதமாக இருக்கிறது. ஆடிட் பார்த்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: இன்னும் கட்டாத தொழிற்சாலையில், இன்னும் வராத வேலையில், பிழைக்கப் போகிற அந்தக் கடைசி ஏழு பேர் யார்? எப்படி எண்ணினார்கள்? தோராயமாக இருபத்தேழு லட்சம் என்று சொல்லியிருந்தால்கூட நான் கொஞ்சம் நம்பியிருப்பேன். அந்த ஏழுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அப்புறம் வெள்ளை அறிக்கை. 2019-இல் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக லண்டனும் அமெரிக்காவும் துபாயும் போய்வந்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலின் வெள்ளை அறிக்கை கேட்டார். பிறகு ஸ்டாலின் முதலமைச்சரானார்; துபாய், சிங்கப்பூர், ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கா, ஜெர்மனி என்று போய்வந்தார். எதிர்க்கட்சித் தலைவர் பழனிசாமி வெள்ளை அறிக்கை கேட்டார். நாற்காலி மாறுகிறது, கேள்வி அப்படியே இருக்கிறது. இரண்டு பேருமே கேட்ட கேள்வி எப்படித் தப்பாக இருக்க முடியும்?

2025 அக்டோபரில் நடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபாக்ஸ்கான் 15,000 கோடி முதலீடு, 14,000 வேலை என்று தமிழக அரசுத் தரப்பில் அறிவிப்பு வந்தது. அடுத்த நாளே, அரசோடு நடந்த சந்திப்பில் புதிய முதலீடு பேசப்படவில்லை என்று கம்பெனித் தரப்பிலிருந்து செய்தி வந்தது. ஓராண்டாகப் பேசி உறுதியானதைத்தான் சொன்னோம் என்று அமைச்சர் விளக்கினார். அவர் சொன்னதே உண்மையாக இருக்கலாம், பணமும் வந்து சேரலாம். ஆனால் வேலை தேடுகிற வீட்டுப் பிள்ளை எதை நம்புவான்?

அதே ஃபாக்ஸ்கான் அமெரிக்காவில் என்ன செய்தது தெரியுமா? 2017-இல் விஸ்கான்சின் மாநிலத்தோடு ஒப்பந்தம். 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை. பதிலுக்கு மாநிலம் 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தருவதாகச் சொன்னது. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு இரண்டேகால் லட்சம் டாலருக்கு மேல். அதிபர் டிரம்ப் போய் மண்வெட்டி பிடித்தார். பெரிய ஆலை வரவில்லை. 2021-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள்: 1,454 வேலை, 8 கோடி டாலர். ஆனால் இங்கேதான் கவனிக்க வேண்டும். வேலை இலக்கை எட்டினால்தான் வரிச் சலுகை என்று எழுதியிருந்ததால், முதல் ஆண்டில் இலக்கு தவறியபோது மாநிலம் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. சாலைக்கும் நிலத்துக்கும் உள்ளூர் நிர்வாகங்கள் செலவழித்தது திரும்பி வராது, அது உண்மை. ஆனாலும் அந்த ஒரு நிபந்தனை பெரும் பணத்தைக் காப்பாற்றியது.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை ஒரு மத்திய அமைச்சரே கேட்டார் என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2024 ஜூன். பதவி ஏற்ற கையோடு எச்.டி. குமாரசாமி பெங்களூரில் பேசினார். குஜராத்தின் சானந்தில் அப்போது கட்டிக்கொண்டிருந்த மைக்ரான் சிப் ஆலைக்கு 275 கோடி டாலர் திட்டச் செலவு. பாதியை மத்திய அரசும், ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தருகின்றன. 5,000 நேரடி வேலை. அப்படியானால் ஒரு வேலைக்கு 3.2 கோடி ரூபாய் ஆகிறதே, இது சரியா என்றார். சிறு தொழில்களுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்றும் கேட்டார். ஓரிரு நாளில், அந்தத் துறையின் முக்கியத்துவத்தை நான் மறுக்கவில்லை என்று விளக்கமும் கொடுத்துவிட்டார். விளக்கம் கொடுத்தார், கணக்கு மாறவில்லை. சிப் ஆலையை வேலைக்காக மட்டும் கட்டுவதில்லை என்ற பதில் நியாயமான பதில்தான். அப்படியானால் விளம்பரத்தில் வேலையைப் போடாதீர்கள்!

இதற்கு நடுவில் நல்லதும் நடந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். 2020-இல் வந்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகையில் கைப்பேசிக்கு நான்கு முதல் ஆறு சதவிகிதம் வரை கொடுத்தார்கள். கூடுதலாக விற்றதற்குத்தான் பணம், விற்பதாகச் சொன்னதற்கு இல்லை. 2024-25-இல் இந்தியாவின் கைப்பேசி ஏற்றுமதி 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஸ்ரீபெரும்புதூரில் பல்லாயிரம் பெண்கள் ஐபோன் பூட்டுகிறார்கள். உதிரி பாகமெல்லாம் இறக்குமதி, நாம் பூட்டுவது மட்டுமே என்று ரகுராம் ராஜன் கேட்ட கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. இருந்தாலும் வேலை இருக்கிறது.

என்ன மாதிரி வேலை? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதி அறைகளில் எத்தனை பேர் நெருக்கிப் படுக்கிறார்கள் என்பதே வெளியே தெரிந்தது. உலகத்தின் விலை உயர்ந்த போனைச் செய்கிற பெண்ணுக்குப் படுக்க இடமில்லை. 2024-இல் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத்தைப் பதிவு செய்வதே அதில் ஒரு பெரிய சண்டை. நான் முதலில் கங்காணியைப் பற்றிப் பேசியது சும்மா பழங்கதைக்காக இல்லை. தலையை எண்ணிக் கொடுக்கிற பணம், அந்தத் தலை எங்கே சாய்கிறது என்று பார்ப்பதில்லை. அன்றும் பார்க்கவில்லை.

இப்போது புதிய திட்டங்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் உலகளாவிய திறன் மையங்கள் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தருகிற வேலை கொடுத்தால், அந்தச் சம்பளத்தில் முதலாண்டு 30 சதவிகிதம், அடுத்து 20, அடுத்து 10 என்று அரசு தரும் என 2024 பட்ஜெட்டில் சொன்னார்கள். உச்சவரம்பு எதையும் சேர்க்காமல் பார்த்தால் லட்ச ரூபாய்ச் சம்பளத்துக்கு மூன்றாண்டில் 7.2 லட்சம் ஆகிறது. மத்திய அரசு 2025 ஜூலையில் ஒப்புதல் தந்த திட்டத்தில் புதிதாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. மொத்தம் 99,446 கோடி, மூன்றரைக் கோடி வேலை இலக்கு. இந்த இரண்டாவதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. எடுத்த ஆள் ஆறு மாதமாவது வேலையில் நிலைக்க வேண்டும். கணக்கு வருங்கால வைப்பு நிதிப் பதிவேட்டில் இருக்கிறது.

பி.எஃப். பதிவேடு! அதன் தலைமையகம் நெடுங்காலம் இந்தப் பீகாஜி காமா பிளேஸில்தான் இருந்தது. இங்கே பலர் அங்கே வேலை பார்த்திருப்பீர்கள். ஒரு வேலை நிஜமாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல சாட்சி நம் நாட்டில் இல்லை. மாதாமாதம் சம்பளத்திலிருந்து பணம் பிடித்துக் கட்டினால் அது வேலை. கட்டவில்லை என்றால் அது அறிவிப்பு. ஒப்பந்த ஆள் என்றால் கான்ட்ராக்டர் கட்டட்டும், அதையும் எண்ணலாம். மாநாட்டு மேடையில் சொன்ன 26,90,657-ஐ இந்தப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

ஆகவே நான் சொல்வது இதுதான். பரிசு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. பிற மாநிலங்கள் கொடுக்கும்போது தமிழ்நாடு மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் ஆலை ஓசூரைத் தாண்டிப் போய்விடும். கொடுக்கட்டும். ஆனால் வேலை வந்து இரண்டு வருடம் நின்ற பிறகு கொடுக்கட்டும். போனால் திரும்ப வாங்கட்டும். சலுகைத் தொகுப்பின் விவரத்தை வணிக ரகசியம் என்று பூட்டி வைக்காமல், எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு, எத்தனை பி.எஃப். கணக்கு என்று ஆண்டுக்கு ஒரு முறை சட்டமன்றத்தில் வைக்கட்டும். அதை வைக்கத் துணியாத அரசுக்கு, மக்கள் நம்பவில்லையே என்று வருத்தப்பட உரிமை இல்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. மனுக் கட்டணம் 10 ரூபாய். உற்பத்தி ஊக்கத்தொகை வாங்கிய கம்பெனிகள் காட்டிய வேலை எத்தனை, அதில் இரண்டாம் ஆண்டும் பி.எஃப். கட்டப்பட்டது எத்தனை என்று மத்திய அமைச்சகங்களைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் முதலில் அதே அமைச்சகத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்; அதற்கும் பதில் இல்லை என்றால் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு மத்தியத் தகவல் ஆணையம் பக்கத்தில் முனிர்க்காவில்தான் இருக்கிறது. மனு எழுதத் தெரிந்தவர்கள் இந்தியாவிலேயே ஆர்.கே.புரத்தில்தான் அதிகம். வீட்டுக்குப் போனதும் எழுதுங்கள்.